தீபாவளிக் கறியில் கொழுப்பைக் குறைக்கலாம், முறுக்கில் கை வைக்க வேண்டாம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வாட்சாப்பில் ‘எண்ணெயே இல்லாத முறுக்கு’, ‘சீனி இல்லாத அதிரசம்’ என்று செய்முறைகள் சுற்ற ஆரம்பித்துவிடும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த முறுக்கைக் கடிக்க நல்ல பல் வேண்டும். அதைத் தட்டில் அடுக்கிவிட்டுப் பக்கத்திலேயே ஆட்டுக்கறிச் சட்டியில் விரல் கனத்துக்கு எண்ணெய் மிதக்க விட்டிருப்பார்கள். மிச்சம் பிடிக்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் என் கட்சி.

எண்ணெய், தேங்காய்ப்பால், சீனி மூன்றும் ஒவ்வொரு பண்டத்திலும் ஒவ்வொரு வேலை செய்கின்றன. முறுக்கிலும் அதிரசத்திலும் அவைதான் பண்டத்தைத் தாங்குகின்றன. எடுத்தால் பண்டமே கெடும். கறியிலும் கேசரியிலும் பாதிக்கு மேல் கைப்பழக்கத்தால் ஊற்றுவதுதான். அதைக் குறைத்தால் விருந்தாளிக்குச் சொன்னால்கூட நம்பமாட்டார்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களில் பழகிய கை அளவு, விடியற்காலையில் பால்மரம் சீவி, பகலெல்லாம் செம்பனைக் குலை தூக்கிய உடம்புக்கு ஏற்ற அளவு. அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று ஈப்போவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்; சட்டி மட்டும் அதே சட்டி. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். அதனால் இது ஏதோ ‘டயட்’ பிடிப்பவர்களுக்கான பேச்சு இல்லை. வரும் விருந்தாளிகளில் நாலு பேருக்கு ஒருவராவது மாத்திரை போட்டுவிட்டுத்தான் உட்காருவார் என்று வைத்துக்கொண்டு சமைப்பது நல்லது.

ஆட்டுக்கறி

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு 150 மி.லி. எண்ணெய், இரண்டு பெட்டி சந்தான், அதாவது 400 மி.லி. கெட்டித் தேங்காய்ப்பால் என்பது நம் வீடுகளில் சாதாரணம். 200 மி.லி. பெட்டி ஒன்றில் சுமார் 40 கிராம் கொழுப்பு. எண்ணெயை 30 மி.லி.க்கும் தேங்காய்ப்பாலை 100 மி.லி.க்கும் இறக்கினால், ஒரே சட்டியில் 160, 170 கிராம் கொழுப்பு குறைகிறது. கிராமுக்கு 9 கலோரி என்று போட்டால் 1,500 கலோரிக்குக் கிட்டே வரும். இதில் ஆட்டின் சொந்தக் கொழுப்பைச் சேர்க்கவே இல்லை.

அந்தச் சொந்தக் கொழுப்பை எடுப்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். கறி கொதித்து முடிந்தபின் மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயைக் கரண்டியால் வழித்து ஊற்றிவிடுகிறார்கள். மிளகாயின் நிறமும் காரமும், பட்டை, கிராம்பின் வாசமும் கொழுப்பில் கரைபவை. மசாலா போட்டபின் எண்ணெயை வழித்தால் போட்ட மசாலாவையே வழித்து ஊற்றுகிறோம். அப்புறம் கறி சப்பென்று இருக்கிறது, ‘குறைச்ச எண்ணெயில் சமைத்தால் ருசி வராது’ என்று பழி எண்ணெயின் மேல். கொழுப்பை மசாலாவுக்கு முன்னால் எடுக்க வேண்டும்.

முதல் நாளே ஒரு கிலோ எலும்புக்கறியைக் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பைச் சீவிவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, அரைத் தேக்கரண்டி மஞ்சள், 10 கிராம் உப்பு, 400 மி.லி. தண்ணீர் சேர்த்துக் குக்கரில் வேகவையுங்கள். உள்ளூர் வெள்ளாடு என்றால் ஐந்தாறு விசில். ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வரும் கறி என்றால் மூன்று நான்கு போதும். முக்கால் பதம்தான் வேண்டும், மசாலாவில் இன்னும் வேகும். கறியை அகலமான பாத்திரத்தில் கொட்டி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பலகாரம், மாவு, பால் என்று பெட்டி நிறைந்திருக்கும் நேரம். சூட்டோடு ஆழமான சட்டியை உள்ளே தள்ளினால் நடுவில் ஆறாமல் புளித்துப்போகும். காலையில் மேலே வெள்ளையாக, தட்டுப்போல உறைந்திருப்பதை விரலாலேயே எடுக்கலாம். கீழே இருப்பது நல்ல எலும்புச் சாறு, ஒரு சொட்டும் வீணாக்காதீர்கள். பெருநாளுக்கு முதல் நாள் மாலை படையல் போடும் வீடுகளில் இந்த வேலையை அதற்கும் முதல் நாள் வைத்துக்கொள்ள வேண்டும். நேரமே இல்லையென்றால் வெந்த சாற்றை இருபது நிமிடம் ஆடாமல் வைத்து, சட்டியைச் சாய்த்து மேலோட்டமாக மொள்ளுங்கள். முழுதாக வராது, பாதியாவது வரும்.

இனி மசாலா. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பட்டை ஒரு துண்டு, கிராம்பு நான்கு, ஏலக்காய் மூன்று, அன்னாசிப்பூ ஒன்று, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதில் 250 கிராம் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி மூடிவிடுங்கள். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை இழுக்கும். எண்ணெய் செய்யவேண்டிய வேலையில் பாதியை அந்தத் தண்ணீர் செய்யும். சிறு தீயில் பத்து நிமிடம். அடிப்பிடித்தால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் இரண்டு கரண்டி கறிச்சாற்றைத் தெளித்துச் சுரண்டுங்கள்.

ஐந்து மேசைக்கரண்டி இறைச்சி மசாலாவையும் ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த் தூளையும் 120 மி.லி. தண்ணீரில் கரைத்துப் பிறகே சட்டியில் ஊற்றவும். குறைந்த எண்ணெயில் தூளை அப்படியே கொட்டினால் அரை நிமிடத்தில் கருகிக் கசக்கும்; பிறகு எதைப் போட்டும் அந்தக் கசப்பு போகாது. ‘எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கு’ என்ற அம்மாமார்களின் அளவுகோல் இங்கே உதவாது, பிரிவதற்கு எண்ணெய் இல்லை. விழுது நிறம் கறுத்து, கரண்டியோடு சேர்ந்து அடியை விட்டுப் பெயரும், பச்சை வாசம் போய்விடும். அதுதான் பதம், ஆறேழு நிமிடமாகும். அதன்பின் இரண்டு தக்காளி, கறி, சாறு, தோல் சீவிய இரண்டு உருளைக்கிழங்கு. கிழங்கு வெந்ததும் பாதியை மசித்துவிட்டால் தேங்காய்ப்பால் கொடுக்கும் கெட்டி வந்துவிடும்.

தேங்காய்ப்பாலை அடியோடு நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். நிறுத்தினால் அது நம் கறியே இல்லை. 100 மி.லி. கெட்டிப்பால், அதுவும் கடைசியில். ஊற்றி, ஓரத்தில் ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைக்கவும். முதலிலேயே 400 மி.லி. ஊற்றி அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெயாகப் பிரியும், வாசமும் ஆவியோடு போய்விடும். கடைசியில் ஊற்றும் 100 மி.லி. மூக்குக்கு அதைவிட அதிகமாகத் தெரியும். பாசாரில், அதாவது சந்தையில், தேங்காய் துருவி மெஷினில் பிழியும் கடை இருந்தால் அங்கே வாங்குங்கள். புதுப்பாலின் வாசத்துக்குப் பெட்டிப்பால் ஈடாகாது, அதனால் குறைத்தும் ஊற்றலாம்.

சிலர் தேங்காய்ப்பாலுக்குப் பதில் தயிர் ஊற்றுவார்கள். கொழுப்பு குறைந்த தயிர் சூட்டில் சீக்கிரம் திரியும், 150 மி.லி. தயிருக்கு ஒரு தேக்கரண்டி அரிசி மாவு கலந்து அடித்து, தீயை அணைத்தபின் சேர்த்தால் திரியாது. எவாபரேட்டட் பாலும் ஊற்றலாம். ஆனால் டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கடையில் அதே அலமாரியில் செம்பனை எண்ணெயும் சீனியும் கலந்த ‘கிரீமர்’ டின்களும் உண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. படையல் கறியை ருசி பார்க்காமல் வைப்பது வழக்கம். ருசி பார்க்க முடியாது என்பதால் பயத்தில் கை தாராளமாகிவிடுகிறது. கிலோவுக்கு மொத்தம் 12 கிராம் என்று தராசில் நிறுத்து வைத்துக்கொண்டால் ருசி பார்க்க வேண்டியதில்லை. இறக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது.

கோழிக்கு இவ்வளவு பாடு இல்லை. கடையிலேயே தோலை உரிக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான். கறியோடு இட்லி வைத்தால் எண்ணெய்க்கே வேலையில்லை. தோசை என்றால் கல்லில் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பதோடு நிறுத்தலாம்.

முறுக்கு

முறுக்கை ஓவனில் வைத்தால் ஏன் கல்லாகிறது? காய்ந்த எண்ணெயில் மாவிலிருக்கும் தண்ணீர் ஒரே வீச்சில் ஆவியாகி வெளியேறும். அது விட்டுச்சென்ற சிறு துளைகள்தான் நாம் கடிக்கும்போது நொறுங்குகின்றன. ஓவனின் சூடு காற்று வழியாக மெதுவாக ஏறுகிறது. தண்ணீர் நிதானமாக வெளியேறும், துளை விழாது, மாவு அப்படியே இறுகிவிடும். அதை நொறுங்கவைக்க வெண்ணெயை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்கள் இணையத்தில். பிறகு என்ன மிச்சம்? 20 கிராம் முறுக்கு ஒன்றில் 5, 6 கிராம் எண்ணெய் இருக்கும். இரண்டு தின்றுவிட்டு டின்னை மூடுவதே லாபம்.

ஆனால் எண்ணெயில் சுட்டாலும், குறைவாகக் குடிக்கவைக்க வழி உண்டு. அரைக் கிலோ அரிசி மாவுக்கு, வாசம் வர வறுத்து அரைத்த உளுந்து மாவு 125 கிராம், வெண்ணெய் 40 கிராம், எள் ஒரு மேசைக்கரண்டி, ஓமம் ஒரு தேக்கரண்டி, உப்பு 8 கிராம். வெண்ணெய் 40-ஐத் தாண்டினால் முறுக்கு எண்ணெயில் உடைந்து, உடைந்த இடமெல்லாம் எண்ணெய் குடிக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாவு பிசையப் பிசைய விரலில் ஒட்டாத அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். உள்ளிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறதோ அந்த இடத்துக்கு எண்ணெய் வரும். தளர்ந்த மாவை அச்சில் பிழிவது சுலபம்தான், அதற்குக் கூலி எண்ணெயில் கொடுக்க வேண்டும்.

எண்ணெய்ச் சூடு 175 டிகிரி. வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை மாவைப் போடுங்கள். அடியைத் தொட்டு உடனே எழும்பினால் சரி. அடியிலேயே உட்கார்ந்திருந்தால் சூடு போதாது, போட்டவுடன் சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது. ஒரே நேரத்தில் கடாய் நிறையப் போட்டால் சூடு தடாலென்று இறங்கும். பெருநாள் அவசரத்தில் இதுதான் நடக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: முறுக்கு எண்ணெயில் இருக்கும்போது அதிகம் குடிப்பதில்லை. உள்ளிருந்து வரும் ஆவி எண்ணெயை உள்ளே விடாது. எடுத்து ஆறும்போது ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் குமிழி அடங்கியதும் எடுத்து, கடாய்க்கு மேலேயே பத்துப் பதினைந்து வினாடி நன்றாக உதறுங்கள். பிறகு கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் செங்குத்தாக நிறுத்துங்கள், அடியில் டிஷ்யூ. கூடையில் குவியலாகக் கொட்டினால் மேல் முறுக்கின் எண்ணெயைக் கீழ் முறுக்கு குடிக்கும். கறுத்து, நுரை கட்டிய பழைய எண்ணெய் மாவில் இன்னும் அதிகமாக ஒட்டும். நேற்று வடை சுட்ட எண்ணெயில் இன்று முறுக்கு சுட வேண்டாம்.

ஓமப்பொடி மெல்லிசு, அதனால் எடைக்கு எடை பார்த்தால் முறுக்கைவிட அதிகம் எண்ணெய் குடிக்கும். இரண்டில் ஒன்றுதான் செய்வதென்றால் முறுக்கு. ஓட்ஸ் மாவு சேர்க்க ஆசைப்பட்டால் அரிசி மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஓட்ஸ் பிசுபிசுக்கும், தண்ணீர் அதிகம் கேட்கும், மொறுமொறுப்பு வருவதற்கு முன்பே சிவந்துவிடும்.

ஏர் ஃபிரையர் வாங்கி வைத்திருப்பவர்கள் அதைப் பருப்பு வடைக்குப் பயன்படுத்துங்கள், அங்கே அது உண்மையிலேயே வேலை செய்யும். 250 கிராம் கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிதட்டில் ஒட்ட வடித்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்கவும். இரண்டு பிடி பருப்பை அரைக்காமல் கலந்தால் மேல்பகுதி மொறுமொறுப்பாகும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, இரு பக்கமும் எண்ணெய் தடவி, 190 டிகிரியில் எட்டு நிமிடம், திருப்பி இன்னும் ஏழு நிமிடம். தடவாமல் வைத்தால் வெடித்து வறண்டுபோகும். உளுந்து வடைக்கு இது சரிப்படாது, மாவு கூடையின் துளை வழியாக இறங்கிவிடும்.

இனிப்பு

வெல்லம் நல்லது, சீனி கெட்டது என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில் வெல்லத்துக்கும் குலா மலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரைக்கும் சீனிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாசத்துக்காக வெல்லம் போடுங்கள், ‘இனிப்பு நீர்க்காரர் சாப்பிடலாம்’ என்று சொல்லிப் பரிமாறாதீர்கள்.

அதிரசத்தில் வெல்லம்தான் மாவைப் பிடித்து வைத்திருக்கிறது. ஈரமாவு ஒரு கிலோவுக்கு 700 கிராமுக்குக் கீழே இறக்கினால் வறட்டியாகும், பாகு இளகியிருந்தால் எண்ணெயில் கரைந்து பிரியும். ஆகவே அளவைத் தொடாமல் உருண்டையைச் சிறிதாக்குங்கள்: 60 கிராம் உருட்டும் கை 30 கிராம் உருட்டட்டும். எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து நன்றாக அழுத்தினால் வழியும் எண்ணெயைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நெய்யுருண்டையில் குறைக்க இடமிருக்கிறது. அரைக் கிலோ பயற்று மாவுக்கு 250 கிராம் நெய்யும் அரைக் கிலோ சீனியும் போடுவார்கள். பயற்றை இன்னும் ஒரு படி சிவக்க வறுத்து அரைத்தால், நெய் கொடுக்கும் வாசத்தில் பாதியைப் பயறே கொடுத்துவிடும். 150 கிராம் நெய், 300 கிராம் சீனி போதும். சீனியை மைபோலத் திரித்துச் சலியுங்கள். நாக்கில் உடனே கரைவதால் குறைந்த சீனியே தித்திப்பாகத் தெரியும். ஒரு சிட்டிகை உப்பும் ஏலக்காயும் அதற்குத் துணை. நெய் நன்றாகச் சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். உருண்டை நிற்காவிட்டால் சூடான பால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தெளிக்கலாம், ஆனால் பால் பட்ட உருண்டை வெளியில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. அக்டோபர், நவம்பர் மழைக்காலத்து ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் கெடும். இரண்டு வாரத்துக்கு முன்பே செய்து டின்னில் அடைக்கும் வழக்கம் இதற்கு ஒத்துவராது.

கேசரிக்கு 200 கிராம் ரவை என்றால் 400 கிராம் சீனி, 150 கிராம் நெய் என்பது கல்யாண வீட்டு அளவு. 180 கிராம் சீனியும் 40 கிராம் நெய்யும் வைத்துக்கொள்ளுங்கள். நெய்யில் 15 கிராமை ரவை வறுக்கவும், மீதியை இறக்கும்போது மேலே ஊற்றவும் பிரித்துக்கொண்டால், வாய்க்கு முதலில் படுவது நெய் வாசம்தான். சீனி குறைந்தால் கேசரி ஆறியதும் இறுகும். தண்ணீரை மூன்று மடங்குக்குப் பதில் மூன்றரை மடங்காக்குங்கள். பொடியாக நறுக்கிய நல்ல பழுத்த அன்னாசி 150 கிராமை அந்தத் தண்ணீரிலேயே கொதிக்கவிட்டால் இனிப்புக் குறை தெரியாது.

குடிக்கக் கொடுப்பது

இவ்வளவும் செய்துவிட்டு, வந்தவர்களுக்கு ஆரஞ்சு நிறச் சோடாவை உயரமான கிளாசில் ஊற்றிக் கொடுத்தால் எல்லாம் வீண். 325 மி.லி. டின் ஒன்றில் 30 கிராமுக்கு மேலும் சீனி இருக்கலாம், அது ஒரு கப் கேசரியின் சீனிக்குக் குறையாது. 2019 ஜூலை 1 முதல், 100 மி.லி.யில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு, அப்போதைய கணக்கில் லிட்டருக்கு 40 சென் வரி போட்டார்கள். அதற்குப்பின் பல கம்பெனிகள் அளவை 5-க்குக் கீழே இறக்கின. டின்னைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்து வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

அதைவிடப் பார்லி நல்லது. 100 கிராம் பார்லியை இரண்டரை லிட்டர் தண்ணீரில், இரண்டு பண்டான் இலையை முடிச்சுப் போட்டு, நாற்பது நிமிடம் கொதிக்கவிடுங்கள். வற்றி இரண்டு லிட்டருக்குக் கிட்டே நிற்கும். 80 கிராம் கற்கண்டு போட்டால் 100 மி.லி.க்கு 4 கிராம்தான் வரும். கற்கண்டை அடுப்பை அணைத்தபின் போடுங்கள். வடித்த பார்லியைக் கொட்டிவிடாமல் பாத்திரத்தின் அடியிலேயே விட்டால் குடிப்பவர்கள் கரண்டி கேட்பார்கள்.